ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்: நான்கு மணி நேரம்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

தூரதேசி:
அக்டோபர் கடைசி வாரம் ஏதென்ஸ். இந்த அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க முடிவது நான்கு மணி நேரம். கூட வருபவர்களில் ஒருவருக்கு எழுபது வயது, அதிகம் படி ஏற முடியாது. தேடினால் கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் ஒரே ரகம்: அகமெம்னான் முகமூடி, போசைடன், அந்தப் பழைய "கணிப்பொறி", அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் எதைப் பார்ப்பது, எதை விடுவது, நின்று பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று சொல்லுங்கள். தூண்களாக நிற்கும் அந்தப் பெண் சிலைகளும் இங்கேதானே?

அகழி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. கேரியாடிட் பெண்களும் பார்த்தினன் கோயில் சிற்பங்களும் 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது வேறு கட்டடம், வேறு சீட்டு. டெல்ஃபி தேரோட்டி என்ற வெண்கலச் சிலை டெல்ஃபியில். மினோவன் ஓவியங்களுக்குக் கிரீட் தீவின் ஹெராக்லியன் போக வேண்டும். மாசிடோனிய அரச கல்லறைத் தங்கம் வெர்கினாவில். இந்த நான்கையும் இங்கே தேடி அலுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

போகும் வழி: பட்டிசியோன் தெரு, எண் 44. ஒமோனியா மெட்ரோவிலிருந்தோ விக்டோரியாவிலிருந்தோ பத்து நிமிட நடை. அக்ரோபோலிஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டாம் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஒமோனியா. விமான நிலையத்திலிருந்து நேரே வந்தால் மொனாஸ்டிராகியில் இறங்கி முதல் தடத்துக்கு மாறுங்கள், இரண்டாவது நிறுத்தம் விக்டோரியா. முதல் தடம் ஜேப்படிக்குப் பேர்போனது. பணப்பை, போன் இரண்டும் முன்பக்கம் இருக்கட்டும்.

முதுகுப்பை பெரிதாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், பை வைக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். படம் எடுக்கலாம், பிளாஷும் முக்காலியும் கூடாது. சிலை மாதிரி கை காலை நீட்டி நின்று படம் எடுத்தால் காவலர் உடனே வந்து தடுப்பார். அவர்கள் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

பெரியவருக்கு: முகப்பில் அகலமான படிக்கட்டு. படியில்லாத வழியும் மின்தூக்கியும் உண்டு, வாசல் காவலரிடம் கேட்டால் காட்டுவார். சிற்பங்கள், மைசீனியத் தங்கம், வெண்கலங்கள் எல்லாம் தரைத்தளம். மண்பாண்டமும் தீரா (இன்றைய சாண்டோரினி தீவு) ஓவியமும் மாடியில்.

கருங்கல்:
வரிசை பற்றி என் கருத்து: அறை எண் 7-இல் தொடங்குங்கள். நுழைந்ததும் எதிரே தெரியும் 4ஆம் அறைக்கு எல்லாரும் ஓடுவார்கள், அங்கேதான் தங்கம் இருக்கிறது. நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள். சிற்ப அறைகள் கால வரிசையில் போகும். கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமானியக் காலம் வரை கால் நடக்க நடக்கக் கல் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வசதி உலகத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை.

7ஆம் அறையில் டிபிலோன் தாழி, பட்டியல் எண் 804. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், கி.மு. 760-750. இது பாத்திரமாகப் புழங்கியதில்லை, ஒரு பெண்ணின் கல்லறைமேல் நின்ற அடையாளம். கோலம் கோலமாக ஓடும் பட்டைகளுக்கு நடுவே, கைப்பிடிகளுக்கு இடையில், சின்ன மனித உருவங்கள் தெரியும். பாடையில் கிடத்திய உடல், தலையில் கைவைத்து ஒப்பாரி வைப்பவர்கள். அதே அறையில் டெலோஸ் தீவின் நிகாந்திரே சிலை. பலகையை வெட்டி நிறுத்தியதுபோல் தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

8ஆம் அறையில் சூனியோன் கூரோஸ் (கூரோஸ் என்றால் நிற்கும் இளைஞன் சிலை), எண் 2720. கி.மு. 600 வாக்கு, உயரம் 3.05 மீட்டர், நக்சோஸ் பளிங்கு. முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு நகராதீர்கள், பின்னால் போங்கள். முதுகுத் தசையும் முட்டியும் உடற்கூறாக இல்லாமல் கோடாக, வடிவமாக வெட்டப்பட்டிருக்கும். காது சுருள் மாதிரி இருக்கும். இடக்கால் முன்னே நீண்டிருந்தாலும் எடை இரண்டு காலிலும் சமம், இடுப்பு அசையவே இல்லை. எகிப்தியச் சிற்பிகளின் கட்டக் கணக்கைக் கடன் வாங்கியதன் அடையாளம் அது. பிறகு சில அறை தள்ளி அரிஸ்டோடிகோஸ் சிலைக்குப் போங்கள், எண் 3938, கி.மு. 510-500. முடி குட்டை, கைகள் தொடையை விட்டு விலகிச் சிறு பாலம் போன்ற கல்லில் நிற்கின்றன, வயிறு வயிறாக இருக்கிறது. இடையில் நூறு வருஷம்தான். இந்த இரண்டையும் பார்த்தவருக்குக் கிரேக்கச் சிற்ப வரலாற்றின் பாதி புரிந்துவிடும்.

தங்கத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

அகழி:
கருங்கல் சொன்ன வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு மணி நேரக்காரருக்கு அது ஆபத்து. சிற்ப அறைகளிலேயே மூன்று மணி நேரம் போய்விடும், 4ஆம் அறைக்கு வரும்போது கண் சோர்ந்திருக்கும். மைசீனிய அறை கண்ணாடிப் பெட்டி நிறைந்தது, நுணுக்கமான பார்வை கேட்பது. அதைக் களைத்த கண்ணால் பார்த்தால் மஞ்சளாக ஏதோ மின்னியது என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

திறக்கும் நேரத்துக்கே வாசலில் நிற்க முடிந்தால் 4, 5, 6 முதலில். சுற்றுலாக் குழுக்கள் காலை பத்துக்குமேல் வந்து முகமூடியைச் சுற்றி நிற்கும், அதற்குள் நீங்கள் முடித்திருப்பீர்கள். தாமதமாகப் போனால் மட்டும் கருங்கல் வரிசை சரி.

4ஆம் அறையில் முகமூடி, எண் 624. 1876-இல் ஜெர்மானிய அகழ்வாளர் ஹைன்ரிஷ் ஷ்லீமன், தென் கிரேக்கத்தின் பழைய நகரமான மைசீனியின் முதல் கல்லறை வட்டத்தில், ஐந்தாம் குழியில் எடுத்தது. காலம் கி.மு. 16ஆம் நூற்றாண்டு. ட்ரோஜன் போருக்கு மரபாகச் சொல்லப்படும் காலத்துக்கு முந்நூறு வருஷத்துக்குமேல் முந்தையது, ஆகவே அந்தப் போரில் கிரேக்கப் படையை நடத்தியதாகச் சொல்லப்படும் மன்னன் அகமெம்னானாக இருக்க வழியில்லை. ஒற்றைத் தங்கத் தகடு, உள்ளிருந்து தட்டி எழுப்பியது. காதருகே துளைகளைப் பாருங்கள், நூல் கோத்து முகத்தில் கட்டுவதற்கு. அதே இடத்தில் கிடைத்த மற்ற முகமூடிகளும் அதே அறையில்தான். அவற்றோடு ஒப்பிட்டால்தான் 624-இன் மீசையும் தனியாக வெட்டி விட்ட காதும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 1990களில் இது போலி என்ற வாதம் மறுபடி கிளம்பியது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

முகமூடியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குத்துவாள்கள். எண் 394, சிங்க வேட்டை. வெண்கல அலகில் கருமையான பட்டை பதித்து, அதற்குள் தங்கமும் வெள்ளியும் வெட்டி வைத்து ஒரு வேட்டைக் காட்சியே நடக்கிறது. ஆள் ஒவ்வொருவரும் விரல் நீளம்கூட இல்லை. பெட்டிக்கு எதிரே நேராக நிற்காமல் சற்றுக் குனிந்து பக்கத்திலிருந்து பார்த்தால் உலோக வேறுபாடு தெரியும். வாஃபியோ கல்லறையின் தங்கக் கிண்ணங்கள் இரண்டு, 1758-ம் 1759-ம். ஒன்றில் காளையை வலை போட்டுப் பிடிக்கிறார்கள், மற்றதில் பசுவைக் காட்டி மயக்கிப் பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள் கை அல்ல என்று நினைக்கிறவர்கள் உண்டு, நீங்களும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பைலோஸ் அரண்மனையின் களிமண் ஏடுகளையும் விடக்கூடாது. கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்தான லீனியர் பி, 1952-இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் புதிரவிழ்த்துப் படித்தது. இவை சுட்ட ஏடுகள் அல்ல, அந்தந்த வருஷக் கணக்குக்காக வெயிலில் காயவைத்த மண். அரண்மனை எரிந்தபோது தீயில் வெந்ததால்தான் இன்றைக்கு இருக்கின்றன.

வார்ப்பு:
வெண்கலத்துக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

பழைய கிரேக்க நகரங்களில் வெண்கலச் சிலைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. தரையில் நின்றவை ஏறக்குறைய எல்லாமே பின்னால் உருக்கப்பட்டன, வெண்கலம் என்றைக்கும் விலைபோகும் சரக்கு. இந்தக் கட்டடத்தில் நிற்கும் பெரிய வெண்கலங்கள் முக்கியமாகக் கடலடியிலிருந்து வந்தவை. ஆர்ட்டெமிசியோன் முனையருகே 1926-லும் 1928-லும் கிடைத்த கடவுளும் குதிரையும், அன்டிகிதீரா தீவருகே மூழ்கிய கப்பலின் இளைஞன், 1925-இல் மராத்தான் விரிகுடாவில் கிடைத்த சிறுவன். கப்பல் மூழ்காமல் போயிருந்தால் நமக்கு ரோமானியப் பளிங்குப் பிரதிகள்தான் மிஞ்சியிருக்கும்.

15ஆம் அறைக் கடவுள்: உயரம் 2.09 மீட்டர், கி.மு. 460 வாக்கு. விரித்த கைகளின் அகலமும் ஏறத்தாழ உயர அளவே. கை இயல்பைவிட நீளம், ஆனால் எறியும் நிலையில் அது உறுத்துவதில்லை. நேர் முன்னிருந்து பார்க்கச் செய்த சிலை இது. பக்கவாட்டுக்குப் போனால் ஒல்லியாகிவிடும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடி எறியும் சியூசா, திரிசூலம் ஏந்தும் கடல் தெய்வம் போசைடனா என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. திரிசூலம் வைத்துப் பார்த்தால் அது முகத்துக்குக் குறுக்கே வரும், எந்தச் சிற்பியும் அப்படிச் செய்யமாட்டான். இடிதான் பொருத்தம். சியூஸ் கோயில் இருந்த டொடோனாவில் கிடைத்த சிறு வெண்கலங்களில் இதே நிலையில் சியூஸ் இடி எறிகிறார். இதே கட்டடத்தில், 36ஆம் அறையின் கராபனோஸ் தொகுப்பில் டொடோனாப் பொருள்கள் இருக்கின்றன. நடந்து போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

செய்முறை தெரிந்தால் பார்வையே மாறும். களிமண் கரு, அதன்மேல் மெல்லிய மெழுகுப் படலம், அதன்மேல் களிமண் உறை. மெழுகை உருக்கி வடித்ததும் கரு உள்ளே ஆடாமலிருக்க இரும்பு ஆணிகள் குறுக்கே போகும். அந்த இடைவெளியில் வெண்கலம் ஊற்றுவார்கள். தலை, கை, கால் தனித்தனியே வார்த்து, உருகிய வெண்கலத்தையே ஊற்றி ஒட்டுவார்கள். ஏன் முழுசாக ஒரே வார்ப்பு இல்லை? அத்தனை பெரிய உருவில் உலோகம் கடைசி மூலைக்குப் போய்ச் சேருமுன் ஆறிவிடும், காற்றுக் குமிழ் மாட்டும். மாட்டின இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வெண்கலத் துண்டு அடித்துப் பொருத்துவார்கள். அந்தச் சதுர ஒட்டுகளைத் தேடுங்கள், பெரும்பாலான வெண்கலங்களில் கிடைக்கும். உதடும் முலைக்காம்பும் செம்பு. கண் தனியாகச் செய்து பதித்தது. 15ஆம் அறைக் கடவுளுக்குக் கண் விழுந்து குழிதான் மிச்சம், 28ஆம் அறையின் அன்டிகிதீரா இளைஞனுக்குப் பதித்த கண் இன்னும் இருக்கிறது. அடுத்தடுத்துப் பார்த்தால் கண் போன சிலை எவ்வளவு இழந்திருக்கிறது என்பது உறைக்கும்.

21ஆம் அறைக் குதிரையும் சிறுவனும் கி.மு. 150-140 வாக்கு. துண்டுகளைச் சேர்த்து முழுக் குதிரையாகக் காட்சிக்கு வந்தது 1972-இல். குதிரையின் வலப் பின்தொடையில் சூடு போட்ட முத்திரை மாதிரி வெற்றித் தெய்வம் நைக்கேயின் உருவம் பொறித்திருக்கும், தேடாமல் கண்ணில் படாது. சிறுவன் குதிரைக்கு மிகச் சின்னவன், இருவரும் ஒரே தொகுதியா என்று முன்பு சந்தேகம் இருந்தது.

தூரதேசி:
அப்பாடா, இதைத்தான் கேட்டேன். இரண்டு சந்தேகம். "கணிப்பொறி" என்கிற அந்த அன்டிகிதீரா இயந்திரத்தைப் பார்த்தவர்கள் பலரும் "பச்சைத் துரு பிடித்த கட்டி, ஒன்றும் புரியவில்லை" என்று எழுதுகிறார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்? இரண்டாவது, ரோமானியப் பிரதியை எப்படி அடையாளம் காண்பது?

பல்சக்கரம்:
38ஆம் அறை. போகுமுன் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போனால் மட்டும் புரியும், இல்லையென்றால் கட்டிதான்.

1900-இல் சிமி தீவின் கடற்பஞ்சு முக்குளிப்பவர்கள் அன்டிகிதீராவருகே மூழ்கிய அந்தக் கப்பலைக் கண்டார்கள். சிலைகளோடு சேர்ந்து வந்த துருக்கட்டி ஒன்றில் பல்சக்கரம் இருப்பது 1902-இல்தான் கவனத்துக்கு வந்தது. கப்பல் மூழ்கியது கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பாதி. இயந்திரம் இப்போது 82 துண்டு, மிஞ்சிய பல்சக்கரம் 30. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெரிய மூன்று துண்டுகள் போதும்.

மிகப் பெரிய துண்டில் நான்கு ஆரக்கால் உள்ள சக்கரம் தெரியும். அதுதான் முதன்மைச் சக்கரம், ஒரு சுற்று ஒரு வருஷம். பெட்டியின் மறுபக்கம் போங்கள், அதே துண்டின் பின்முகம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் முன்னால் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்முகத்தில் சுருள் வளையங்களின் மிச்சம் இருக்கும். மேல் சுருள் ஐந்து சுற்று, 235 கட்டம்: 19 வருஷத்தில் 235 சந்திர மாதம் என்ற மெட்டோன் கணக்கு. கீழ்ச் சுருள் நான்கு சுற்று, 223 கட்டம்: கிரகணம் திரும்பி வரும் சாரோஸ் கணக்கு. 223 என்பது பகா எண், அதை வேறு சிறு சக்கரங்களால் பெருக்கிக் கொண்டுவர முடியாது. அதனால் 223 பல்லோடு ஒரு சக்கரமே வெட்டியிருக்கிறார்கள். பற்கள் நேர் முக்கோணம், அரத்தால் கையால் வெட்டியவை.

எனக்கு மலைப்பு அதுகூட இல்லை. நிலா வானத்தில் ஒரே வேகத்தில் போகாது, கொஞ்சம் விரையும், கொஞ்சம் தாமதிக்கும். அதைக் காட்ட, மையம் சற்றே விலகிய இரண்டு சக்கரங்களை ஒரு முளையாலும் பிளவாலும் இணைத்திருக்கிறார்கள். முளை பிளவுக்குள் முன்னும் பின்னும் நகரும்போது வேகம் தானாக மாறும். இது கண்ணுக்குத் தெரியாது, 2005-இல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்ரே கருவியை இந்தக் கட்டடத்துக்கே கொண்டுவந்து படம் எடுத்தபின் உறுதியானது. துண்டுகள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் வெளியே எடுத்துப் போக முடியவில்லை.

அறையில் மாதிரிகளும் உண்டு. ஆய்வாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ் செய்த மாதிரியில் சில பகுதி இப்போது தவறென்று தெரிந்தது, 1974-இல் அவருக்குக் கிடைத்தது சாதாரண எக்ஸ்ரேதான். பிற்கால மாதிரியைப் பார்த்துவிட்டு மூலத்துக்குத் திரும்புங்கள். "கணிப்பொறி" என்ற பெயர் கொஞ்சம் மிகை. கைப்பிடியால் சுற்றும் வானியல் காட்டி என்பதே சரி. அதற்காக அது சிறிதாகிவிடாது.

கருங்கல்:
பிரதியைக் கண்டுபிடிக்கும் வழி: முட்டு. வெண்கலம் உள்ளே வெற்றிடம், தன் காலிலேயே நிற்கும். அதே உருவைப் பளிங்கில் வெட்டினால் எடை கணுக்காலை முறித்துவிடும். ஆகவே காலோரம் மரக்கட்டை, இடுப்புக்கும் கைக்கும் நடுவே குறுக்குக் கல் வரும். காரணமில்லாமல் ஒரு மரம் சிலை பக்கத்தில் நின்றால் மூலம் வெண்கலம் என்று சந்தேகப்படுங்கள். டெலோஸில் கிடைத்த டயாடூமெனோஸ் (தலையில் பட்டை கட்டும் இளைஞன்), எண் 1826, நல்ல உதாரணம். சிற்பி பாலிக்லெய்டோஸின் வெண்கலத்துக்குக் கி.மு. 100 வாக்கில் செய்த பளிங்குப் பிரதி. மரத்தில் அம்பறாத்தூணியும் மேலாடையும் தொங்கும், அவை முட்டுக்கல்லை மறைக்கச் செய்த ஏற்பாடு. இது ரோமில் செய்ததில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பிரதியும் ரோமானியப் பிரதி அல்ல.

வர்வாகியோன் அதீனா, எண் 129, ஒரு மீட்டர் உயரச் சிற்றுரு. பார்த்தினனுக்குள் நின்ற சுமார் 12 மீட்டர் உயரத் தங்க-தந்தச் சிலை எப்படி இருந்தது என்பதற்கு முக்கியச் சாட்சி இதுதான். கலையாகப் பார்த்தால் வறட்டு வேலை, கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கைத்தொழில். தகவலாகப் பார்த்தால் தங்கம்.

அடுத்து நிறம். பளிங்கு வெள்ளை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஃபிராசிக்லியா என்ற பெண்ணின் கல்லறைச் சிலை, எண் 4889, கி.மு. 550-540, பாரோஸின் அரிஸ்டியோன் செய்தது. 1972-இல் மெரெண்டாவில் ஒரு குழியில் ஓர் ஆண் சிலையோடு படுத்த நிலையில் கிடைத்தாள். புதைந்தே இருந்ததால் ஆடையில் சிவப்பும் பூ வேலையும் இன்னும் தெரிகின்றன. அடிப்பீடம் மட்டும் நெடுங்காலமாக அருகிலுள்ள தேவாலயச் சுவரில் இருந்தது. சிலையின் பாதத்திலிருந்த ஈய வளையம் அந்தப் பீடத்தின் குழியில் சரியாக உட்கார்ந்தபோது இரண்டும் ஒன்றென்று தெரிந்தது. மணமாகாமல் இறந்த பெண், திருமணத்துக்குப் பதில் தேவர்கள் கொடுத்த கன்னி என்ற பெயரே என்றைக்கும் நிலைக்கும் என்று பீடத்தில் அவளே பேசுகிறாள்.

18ஆம் அறையில் ஹெகெசோ என்ற பெண்ணின் கல்லறைக் கல், எண் 3624. நாற்காலியில் அமர்ந்த பெண் பெட்டியிலிருந்து எடுத்த எதையோ விரலால் பிடித்துப் பார்க்கிறாள், விரலில் ஒன்றுமில்லை. அங்கே கழுத்து மாலை வண்ணத்தில் தீட்டியிருந்தது, வண்ணம் போய்விட்டது. நிறைய வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. கல்லறைக் கற்கள் பல அறைகளில் வரும், ஐந்தாறு பார்த்ததும் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். கி.மு. 317 வாக்கில் ஏதென்ஸை ஆண்ட ஃபாலெரோன் டிமெட்ரியஸ் ஆடம்பரக் கல்லறைக்குத் தடை போட்டார், அந்த மரபு அதோடு நின்றது. அவற்றில் இரண்டைத் தேர்ந்து நின்று பாருங்கள், மற்றதை நடந்தே கடக்கலாம்.

மண்கலம்:
எல்லோரும் மாடியை மறந்துவிட்டீர்கள். உலகத்தின் சிறந்த மண்பாண்டத் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது, ஆளே இருக்காது. முதலில் 48ஆம் அறை, தீரா ஓவியங்கள். 1967 முதல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தீராவின் அக்ரோதிரியில் தோண்டியவை, எரிமலைச் சாம்பல் மூடிக் காத்தது. வசந்த ஓவியம் ஓர் அறையின் மூன்று சுவரையும் சேர்த்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். பாறை, அல்லி, ஜோடிக் குருவிகள், ஒரு மனிதர்கூட இல்லை. குத்துச்சண்டைச் சிறுவர்களில் ஒருவன் கையில் மட்டும் நகை.

அடுத்து பானைகள். சிவப்புத் தரையில் கறுப்பு உருவம், கறுப்புத் தரையில் சிவப்பு உருவம் என்ற இரண்டு வகைக்கும் ஒரே சூளை நுட்பம்தான். பானைமேல் பூசிய "கறுப்பு" மை அல்ல, அதே களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மிக நுண்ணிய குழம்பு. ஒரே வேக்காட்டில் மூன்று கட்டம். முதலில் காற்று விட்டு 800 டிகிரி வாக்கில் சுட்டால் முழுப் பானையும் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டு, 900-950 வரை ஏற்றினால் முழுப் பானையும் கறுக்கும். இந்தச் சூட்டில் நுண்குழம்பு மட்டும் கண்ணாடிபோல் இறுகிவிடும். கடைசியில் சூட்டைக் குறைத்துக் காற்றை மறுபடி விட்டால், துளையுள்ள உடல் மீண்டும் சிவக்கும், இறுகிய பூச்சுக்குள் காற்று புகாததால் அது கறுப்பாகவே நிற்கும்.

கெட்டுப்போவது எப்படி? சூடு போதாவிட்டால் பூச்சு இறுகாது, அதுவும் சிவந்துவிடும். அதிகமானால் உடலும் இறுகிச் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். அடுக்கும்போது ஒரு பானை மற்றதை ஒட்டி நின்றால் ஒட்டிய இடத்தில் வட்டமான சிவப்புத் தழும்பு விழும். பெட்டிகளில் கொஞ்சம் தேடினால் பக்கவாட்டில் பாதி சிவந்த "கறுப்பு"ப் பானை கிடைக்கும், அது என் பார்வையில் குறையில்லாத பானையைவிட நல்ல பாடம். கறுப்பு உருவத்தில் கோடுகள் ஊசியால் கீறியவை. கி.மு. 530-520 வாக்கில் தலைகீழாக்கி உருவத்தைச் சிவப்பாக விட்டு, கோட்டைத் தூரிகையால் போடத் தொடங்கினார்கள், அதனால்தான் உடம்பு திரும்பவும் துணி மடியவும் முடிந்தது.

வெள்ளைத் தரை லெகிதோஸ் குப்பிகளை விடாதீர்கள். இறந்தவருக்கு எண்ணெய் வைத்த குப்பி. நிறத்தைச் சுட்ட பிறகு தீட்டியதால் உதிர்ந்துபோகும், அதனால் அன்றாடப் புழக்கத்துக்கு உதவாது. இந்தக் குப்பிகளில் சிலவற்றுக்குள் வாய்க்கு நேர் கீழே ஒரு குட்டிக் குடுவை ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் பெரிய குப்பி நிறைய எண்ணெய், உள்ளே நாலு மடக்கு. சூளையில் காற்று வெளியேறத் தோளிலோ அடியிலோ சின்னத் துளை இருக்கும், அதுதான் காட்டிக்கொடுக்கும்!

தூரதேசி:
மண்கலம் சொன்னதைப் படித்ததும் ஒரு கேள்வி. அரிக்கமேட்டில் கிடைத்த யவனர் மதுச்சாடிகளுக்கு மூலம் இங்கே பார்க்கலாமா?

மண்கலம்:
அரிக்கமேட்டு ஆம்போராத் துண்டுகளில் கோஸ் தீவு வகை உண்டு: இரட்டைத் தண்டு சேர்த்த கைப்பிடி, அதை வைத்துத்தான் துண்டிலும் அடையாளம் காண்கிறார்கள். ஆனால் இந்த அருங்காட்சியகம் ஓவியப் பாண்டங்களுக்கு. வணிகச் சாடிகளுக்குப் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் அட்டலோஸ் மண்டபத்துக்குப் போங்கள். அங்கே சாடிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஓவியம் இருக்காது, அடி கூராக இருக்கும், கப்பலின் அடித்தளத்தில் மணலில் குத்தி நிறுத்த. நம்மூர்ச் சரக்கோடு தொடர்பு அங்கேதான்.

கல்லெழுத்து:
ஒரு வார்த்தை. இதே கட்டடத்தின் தென்புறத்தில், டோசிட்சா தெருப் பக்கம் தனி வாசலோடு கல்வெட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. கிரேக்கக் கல்வெட்டுக்கு உலகில் அதைவிடப் பெரிது இல்லை. டிரோய்சனில் கிடைத்த, பாரசீகப் படையெடுப்பின்போது ஏதென்ஸைக் காலி செய்யச் சொல்லும் தெமிஸ்டாக்ளிஸ் ஆணைக் கல் அங்கே. கிரேக்கம் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல் நிற்கும் முறையைப் பாருங்கள். உடைந்த கல்லில் எத்தனை எழுத்து போயிற்று என்று எண்ணிச் சொல்ல அது உதவுகிறது. அரை மணி போதும். நேரம் தனி, முன்பே பாருங்கள்.

அகழி:
6ஆம் அறையும் சொல்லப்படாமல் போகிறது. ஈஜியன் கடலின் சைக்ளாடிக் தீவுகளில் செய்த பளிங்கு உருவங்கள். கெரோஸ் தீவின் யாழ் வாசிப்பவர் ஒரு சாண் உயரம்தான், அமோர்கோஸ் தீவின் பெண் உருவம் 1.52 மீட்டர். இரண்டும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டு. எமெரி, ஒப்சிடியன் போன்ற கல்லால் தேய்த்துத் தேய்த்துச் செய்தவை. முகத்தில் மூக்கு மட்டும் இருப்பதைக் கண்டு நவீன ஓவியம் என்று வியப்பார்கள், கண்ணும் வாயும் வண்ணத்தில் இருந்தன.

பெரியவருக்கு ஓய்வு வேண்டுமென்றால் அடித்தளத்தில் காபிக்கடை, உள்முற்றத் தோட்டத்தைப் பார்த்து உட்காரலாம். சீட்டைத் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று, வரலாற்றுக் குறிப்பாக. 1940 அக்டோபரில் இத்தாலி படையெடுத்ததும் ஊழியர்கள் இந்த அறைகளின் தரையைத் தோண்டிச் சிலைகளை உள்ளே இறக்கி மணல் போட்டு மூடினார்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் நகரத்துக்குள் வந்தபோது அறைகள் காலி. சூனியோன் கூரோஸ் நிற்கும் தரையில் நடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

தூரதேசி:
கடைசியாகத் தேதி. 27 செவ்வாய், 28 புதன் இரண்டில் எது மேல்? 28 இலவசம் என்று படித்தேன்.

அகழி:
28 இலவசம்தான், 1940-இல் இத்தாலிக்கு "முடியாது" சொன்ன நாள், தேசிய விடுமுறை. அதனாலேயே கூட்டம். ஊர்வலத்துக்காக நகர நடுவில் சாலைகளை மூடுவார்கள், பேருந்தை நம்பாமல் மெட்ரோவில் வாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் அருங்காட்சியகம் மதியம் ஒன்றுக்குத்தான் திறப்பது வழக்கம், காலையில் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பவர்கள் ஏராளம். பெரியவர் கூட வருவதால் நான் 27-ஐ எடுப்பேன்: மதியம் ஒன்றுக்கு 4ஆம் அறை, அதன்பின் 7-இலிருந்து 21 வரை, 28, 38, அடுத்துக் காபி, கடைசியில் மாடி. காலையில் வரும் குழுக் கூட்டம் செவ்வாயில் இருக்காது. எந்த நாளானாலும் கட்டணமும் மூடும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், நவம்பர் முதல் குளிர்கால நேரம். முந்தின நாள் கலாச்சார அமைச்சகத்தின் மின்சீட்டுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கும்போதே மாடி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஆள் போதாத நாளில் முதலில் மூடுவது அதைத்தான். மூடப் போவதாகச் சொன்னால் வரிசையைத் திருப்பி 48ஆம் அறைக்கு முதலில் ஏறிவிடுங்கள்.